அந்த முதல் பிரதி எங்கே?

நேயர்களே, ஒரு சின்னக் கற்பனை செய்து பாருங்கள். பத்து வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு படம் பார்த்தீர்கள். அதில் ஒரு காட்சி மனத்தில் அப்படியே பதிந்துவிட்டது. கதாநாயகன் என்ன செய்தான், எதிரி எப்படி விழுந்தான், கொட்டகையில் ஜனங்கள் எப்படி ஆரவாரித்தார்கள் என்பதெல்லாம் இன்றைக்கும் கண்முன் நிற்கிறது. வருஷங்கள் ஓடிவிட்டன. ஒரு நாள் பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "இப்போது பார், என்ன வரப்போகிறது!" என்று அதே படத்தை வீட்டில் போட்டுக் காட்டுகிறீர்கள். அந்தக் கட்டமும் வருகிறது. ஆனால் நீங்கள் பார்த்த மாதிரி இல்லை! கதாநாயகன் வேறு விதமாக நடந்து கொள்கிறான். "பாட்டிக்கு மறந்து போச்சு!" என்று பேத்தி கைகொட்டிச் சிரிக்கிறாள்.

பாட்டிக்கு ஒன்றும் மறக்கவில்லை. படத்தைத்தான் மாற்றி விட்டார்கள்.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் எத்தனையோ வீடுகளில் உண்மையாகவே நடந்திருக்கக் கூடிய காட்சி இது. படத்தின் பெயர் 'ஸ்டார் வார்ஸ்'. 1977-ம் வருஷம் மே மாதம் 25-ந் தேதி வெளியானது. உலகத்தையே ஒரு கலக்குக் கலக்கிய அந்தப் படத்தை, அன்று வெளியான அதே உருவத்தில் நல்ல பிரதியாகக் கடையில் வாங்கவோ, வீட்டில் பார்க்கவோ பல வருஷங்களாக வழியில்லாமல் இருந்து வந்திருக்கிறது. இது என்ன விந்தை என்கிறீர்களா? சொல்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒரு கொடுங்கோல் சாம்ராஜ்யம். அதை எதிர்க்கும் கலகக்காரர்கள். சிறைப்பட்ட ராஜகுமாரி லியா. அவளை மீட்கப் புறப்படும் பண்ணைப் பையன் லூக் ஸ்கைவாக்கர். அவனுக்கு வித்தை சொல்லித் தரும் கிழவர் ஓபி-வான் கெனோபி. காசு கொடுத்தால் கலத்தை எங்கும் ஓட்டுகிற போக்கிரி ஹான் சோலோ. கறுப்பு முகமூடி போட்ட வில்லன் டார்த் வேடர். குதிரைக்குப் பதில் விண்கலம், வாளுக்குப் பதில் ஒளிவாள். மற்றபடி நமக்கு நன்றாகத் தெரிந்த ராஜா ராணிக் கதைதான். ராஜகுமாரி மட்டும் கொஞ்சம் விசேஷம். அவளை மீட்க வந்தவர்கள் விழித்துக்கொண்டு நிற்கும்போது, துப்பாக்கியைப் பிடுங்கித் தப்பும் வழியைத் தானே கண்டுபிடித்துக் கொடுப்பவள். இரண்டு காதோரமும் இரண்டு கொண்டை போட்டுக்கொண்டு இந்த வேஷத்தில் வந்த காரி ஃபிஷருக்குப் படம் எடுத்தபோது வயது 19.

டைரக்டர் ஜார்ஜ் லூகாஸுக்கு அப்போது முப்பத்திரண்டு வயதுதான். கலிபோர்னியாவில் மொடெஸ்டோ என்ற சிற்றூர்க்காரர். 1973-ல் 'அமெரிக்கன் கிராஃபிடி' என்ற படம் எடுத்துப் பேர் வாங்கியிருந்தார். ஆனாலும் விண்வெளிக் கதை என்றதும் கம்பெனிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் கம்பெனியில் ஆலன் லாட் ஜூனியர் என்பவர் மட்டும், "படம் எனக்கு விளங்கவில்லை, ஆனால் ஆளை நம்புகிறேன்" என்கிற தோரணையில் பணம் கொடுத்தார். செலவு சுமார் 1 கோடியே 10 லட்சம் டாலர்.

1976 மார்ச்சில் துனீஷியாவின் பாலைவனத்தில் படப்பிடிப்புத் தொடங்கியது. மழையே பார்க்காத அந்த ஊரில், இவர்கள் போனதும் புயலும் மழையும் வந்து ஸெட்டுகளைக் குலைத்துப் போட்டன! ரோபோக்கள் நடக்க மறுத்தன. பிறகு லண்டன் பக்கத்தில் எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். ஆர்-டூ டி-டூ என்ற பீப்பாய் ரோபோவுக்குள் இருந்தவர் கென்னி பேக்கர், உயரம் 3 அடி 8 அங்குலம். ரோமம் அடர்ந்த சூபாக்காவாக வந்த பீட்டர் மேஹ்யூ 7 அடிக்கு மேல். லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் சிப்பந்தியாக இருந்தவர். வேடரின் கறுப்பு அங்கிக்குள் நடித்தவர் டேவிட் ப்ரௌஸ். தம் குரலே படத்தில் வரும் என்று அவர் நம்பியிருந்தார். வந்ததோ ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் என்ற நடிகரின் இடி முழக்கக் குரல்!

சப்தங்களைச் சேர்த்தவர் பென் பர்ட் என்ற இளைஞர். இவர் கதையை மட்டும் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். ஒளிவாளின் 'உம்ம்' என்ற ரீங்காரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பழைய சினிமா புரொஜெக்டரின் மோட்டார் இரைச்சலோடு டெலிவிஷன் பெட்டி எழுப்பும் இரைச்சலைக் கலந்தார். துப்பாக்கிச் சத்தம், ரேடியோ கோபுரத்தைத் தாங்கும் இரும்புக் கம்பியைச் சுத்தியால் தட்டியது. எதிரி விமானங்கள் அலறிக்கொண்டு போகின்றனவே, அதில் யானையின் பிளிறல் இருக்கிறது. வேடரின் மூச்சு, கடலில் முக்குளிப்பவர்கள் வாயில் வைத்துக்கொள்ளும் கருவி. சூபாக்காவின் பேச்சில் பாதிக்கு மேல் ஒரு கரடி!

இதற்குள் கலிபோர்னியாவில், வான் நைஸ் என்ற இடத்தில் ஒரு கிடங்கை எடுத்துக்கொண்டு, ஜான் டைக்ஸ்ட்ரா தலைமையில் ஒரு கூட்டம் இளைஞர்கள் பொம்மை விண்கலங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டரால் அசையும் புது மாதிரிக் காமிரா ஒன்றையும் அவர்களே செய்தார்கள். லூகாஸ் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்து பார்த்தால், பணம் பாதி கரைந்துவிட்டது. தேறிய ஷாட்டுகளோ விரல்விட்டு எண்ணும்படி இருந்தன. அன்றைக்கே நெஞ்சை வலித்து மனுஷர் ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்கும்படி ஆயிற்று.

அது போதாதென்று இன்னொரு இடி. படத்தை முதலில் தொகுத்தவர் ஜான் ஜிம்ப்ஸன். பீட்டில்ஸ் பாடகர்களின் 'எ ஹார்ட் டேஸ் நைட்' படத்தைத் தொகுத்த கெட்டிக்காரர்தான். ஆனால் அவர் தொகுத்துக் காட்டியதைப் பார்த்த லூகாஸுக்கு அடிவயிற்றைக் கலக்கியது. காட்சிகள் இழுத்தன, உயிரில்லை. அவ்வளவையும் பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்பத் தொகுக்க வேண்டும்!

கத்தரிக்கோல் பிடித்த கை

இந்த இடத்தில்தான் நம் கதாநாயகி வருகிறார். திரையில் வந்த லியாவைச் சொல்லவில்லை. மார்ஸியா லூகாஸைச் சொல்கிறேன்.

ஜார்ஜின் மனைவி என்று சொல்லி நிறுத்திவிட்டால் அது பெரிய அநியாயம். வெர்னா ஃபீல்ட்ஸ் என்ற பேர்பெற்ற பெண் எடிட்டரிடம் மார்ஸியா உதவியாளராக இருந்தபோது, அதே அறைக்குத் தொழில் கற்க வந்தவர்தான் ஜார்ஜ். 1969-ல் கல்யாணம். 'அமெரிக்கன் கிராஃபிடி'யைத் தொகுத்ததற்காக வெர்னாவும் மார்ஸியாவும் ஆஸ்கார் பரிசுக்குச் சிபாரிசு பெற்றார்கள். மார்டின் ஸ்கார்ஸேஸி என்ற டைரக்டர் 'டாக்ஸி டிரைவர்' எடுத்தபோது எடிட்டிங் மேற்பார்வைக்கு மார்ஸியாவைத்தான் வைத்துக்கொண்டார். ஆகவே, வீட்டுக்காரருக்கு ஒத்தாசை செய்ய வந்த மனைவி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் குடும்பத்தில் தொழில் அதிகம் தெரிந்தவர் யார் என்று பந்தயம் கட்டினால் நான் அம்மணி பக்கம்தான் கட்டுவேன்.

மார்ஸியா, ரிச்சர்ட் சூ, பால் ஹிர்ஷ் ஆகிய மூவரும் ஸான் அன்ஸெல்மோவில் உட்கார்ந்து படத்தைத் திரும்பத் தொகுத்தார்கள். மார்ஸியாவிடம் விழுந்தது எல்லாவற்றிலும் கடினமான பகுதி. கடைசியில் 'டெத் ஸ்டார்' என்ற ராட்சஸக் கோட்டையைக் கலகக்காரர்கள் தாக்குகிறார்களே, அந்தச் சண்டை. விமானிகள் ஆளுக்கு ஒரு கூண்டில் உட்கார்ந்து எதையோ கத்துகிற படச்சுருள் மட்டும் 40,000 அடி என்று லூகாஸே சொல்லியிருக்கிறார். ஓடவிட்டால் ஏழு மணி நேரத்துக்கு மேல்! விண்கல ஷாட்டுகளோ இன்னும் தயாராகவில்லை. அந்த இடங்களில் இரண்டாவது மகா யுத்தப் படங்களிலிருந்து விமானச் சண்டைத் துண்டுகளை ஒட்டி வைத்துக்கொண்டார்கள். இந்தக் குப்பையிலிருந்து, யார் எங்கே இருக்கிறான், யார் யாரைத் துரத்துகிறான், இன்னும் எத்தனை நேரம் பாக்கி என்று குழந்தைக்குக் கூடப் புரியும்படி சண்டையைச் சமைக்க மார்ஸியாவுக்குச் சுமார் எட்டு வாரம் பிடித்தது.

அந்தச் சண்டையின் உச்சக் கட்டத்தில், போய்விட்டான் என்று நாம் நினைத்த ஹான் சோலோ எங்கிருந்தோ பறந்து வந்து லூக்கைக் காப்பாற்றுகிறான். அந்த இடத்தில் கொட்டகையில் ஜனங்கள் ஆரவாரிக்காவிட்டால் படமே தேறாது என்பது மார்ஸியாவின் கட்சி. அதற்காகவே வெட்டி வெட்டி, ஒட்டி ஒட்டிப் பார்த்தார். அவர் கணக்குத் தப்பவில்லை என்பதை உலகமே பார்த்தது.

கிழவர் கெனோபி நடுவில் உயிர் விடுகிறாரே, அதுவும் மார்ஸியா கொடுத்த யோசனைதான். முதலில் எழுதியபடி அவர் வேடரோடு வாட்போர் செய்துவிட்டுத் தப்பி ஓடிவந்து, அப்புறம் செய்ய வேலையில்லாமல் சும்மா நின்றுகொண்டிருப்பார். லூகாஸ் தலையைப் பிய்த்துக்கொண்டபோது, "கொன்றுவிட்டால் என்ன?" என்கிற யோசனை மனைவியிடமிருந்து வந்தது. கெனோபியாக நடித்த சர் அலெக் கின்னஸுக்கு இதைப் பாதிப் படப்பிடிப்பில் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்ததாம். வராதா பின்னே!

எடிட்டிங் அறையில் நடந்த இன்னொரு ரஸவாதத்தையும் கேளுங்கள். எழுதி எடுத்த கதையில், கலகக்காரர்கள் கோட்டையைத் தாக்கப் போகிறார்கள், அவ்வளவுதான். அந்தக் கோட்டையே அவர்களுடைய தளத்தை அழிக்க நெருங்கி வருகிறது, இத்தனை நிமிஷம்தான் பாக்கி என்ற பரபரப்பு பிறகு சேர்ந்தது. ஏற்கெனவே எடுத்த துண்டுகளை இடம் மாற்றிப் போட்டும், ஒலிபெருக்கியில் அறிவிக்கும் குரலைச் சேர்த்தும் அதைச் செய்தார்கள். ஆரம்பத்தில் லூக் தன் சிநேகிதர்களோடு வரும் காட்சிகளைத் தூக்கிவிட்டார்கள். அதனால் படம் தொடங்கிக் கால் மணி நேரம் ஆன பிறகும் கதாநாயகன் தலை காட்டுவதில்லை. இரண்டு ரோபோக்களின் பின்னாலேயே நாம் ஓடுகிறோம். என்ன துணிச்சல்!

மே 25-ந் தேதி அமெரிக்கா முழுவதிலும் 32 தியேட்டர்களில் மட்டுமே படம் வெளியானது. வேலை மும்முரத்தில் லூகாஸுக்கு அன்றைக்குத்தான் ரிலீஸ் என்பதே மறந்து போயிற்று. ஹாலிவுட்டில் சைனீஸ் தியேட்டருக்கு எதிரே ஓர் ஓட்டலில் தம்பதிகள் சாப்பிடப் போனார்கள். ஜன்னல் வழியே பார்த்தால் தெருவே அடைபட்டுக் கிடக்கிறது. ஒரே கூட்டம், கார்கள். என்ன கலாட்டா என்று எட்டிப் பார்த்தபோது, தியேட்டர் முகப்பில் தங்கள் படத்தின் பெயர்!

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குள் பொம்மை செய்து தர முடியவில்லை கென்னர் கம்பெனியால். என்ன செய்தார்கள் தெரியுமா? காலிப் பெட்டியை விற்றார்கள்! உள்ளே ஒரு சீட்டு. அதை அனுப்பினால் சில மாதங்கள் கழித்து லூக், லியா, ஆர்-டூ, சூபாக்கா நால்வரும் தபாலில் வருவார்கள். குழந்தைகள் காலிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு காத்திருந்தன. பொம்மை, சட்டை, புத்தகம் இவற்றின் உரிமையை லூகாஸ் முன்கூட்டியே தம்மிடம் வைத்துக்கொண்டிருந்தார். கம்பெனிக்காரர்கள் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. அந்த ஒரு ஷரத்துத்தான் அவரைக் குபேரனாக்கியது.

1978 ஏப்ரலில் ஆஸ்கார் பரிசளிப்பு. படத்துக்கு ஆறு பரிசுகள். பென் பர்ட்டுக்குத் தனியாக ஒன்று. ஆனால் சிறந்த படம், டைரக்‌ஷன், கதை வசனம் மூன்றும் வூடி ஆலனின் 'ஆனி ஹால்' படத்துக்குப் போய்விட்டன. ஆக, டைரக்டர் ஜார்ஜ் லூகாஸ் வெறுங்கையோடு வீடு திரும்பினார். மனைவி கையில் எடிட்டிங்குக்கான ஆஸ்கார் இருந்தது!

அடுத்து வந்த 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்', 1980. இதன் முதல் திரைக்கதையை எழுதியவர் லீ பிராக்கெட் என்ற மூத்த எழுத்தாளர், அவரும் பெண்தான். எழுதிக் கொடுத்த கையோடு 1978-ல் காலமாகிவிட்டார். லாரன்ஸ் காஸ்டன் தொடர்ந்தார். டைரக்டர் இர்வின் கெர்ஷ்னர். வேடர்தான் லூக்கின் தகப்பன் என்ற ரகசியத்தைப் படப்பிடிப்புக் கோஷ்டிக்கே தெரியாமல் மூடி வைத்தார்கள். காமிரா முன்னால் ப்ரௌஸ் பேசிய வசனம் வேறு. லூக்காக நடித்த மார்க் ஹாமிலுக்கு மட்டும் ஷாட்டுக்கு முன்னால் காதோடு உண்மையைச் சொன்னார்கள். 1983-ல் 'ரிடர்ன் ஆஃப் தி ஜெடாய்'. டைரக்டர் ரிச்சர்ட் மார்க்வாண்ட். அதிலும் மார்ஸியா எடிட்டர்களில் ஒருவர். அதே வருஷம் தம்பதிகள் விவாகரத்துச் செய்துகொண்டார்கள். காரணங்களை அலசுவது நம் வேலை இல்லை. மார்ஸியா பெரும்பாலும் சினிமாவை விட்டு ஒதுங்கிவிட்டார்.

அழித்துப் பண்ணின நகை

நம் வீடுகளில் பாட்டியின் அட்டிகையை அழித்துப் புது மோஸ்தரில் செயின் பண்ணுவது உண்டு அல்லவா? தங்கம் அதேதான், எடை கூடக் குறையாது. ஆனால் பாட்டியின் அட்டிகை போனது போனதுதான். லூகாஸ் தம் படங்களுக்குச் செய்தது அதைத்தான்.

1981-ல் மறுபடி திரையிட்டபோதே தொடக்கத்தில் ஓடும் எழுத்துகளில் 'நாலாவது அத்தியாயம்' என்று சேர்த்தார்கள். அது சின்ன விஷயம். 1997 ஜனவரியில் இருபதாவது ஆண்டு விழாப் பதிப்பு என்று சொல்லிப் பெரிய மராமத்தே நடந்தது. கம்ப்யூட்டரில் வரைந்த பிராணிகள் தெருவெல்லாம் உலாவின; வெட்டி எறிந்த காட்சி ஒன்று திரும்ப வந்தது; கோட்டை வெடிப்பது பிரமாதமாயிற்று. கூட்டமும் அலைமோதியது. பல ரசிகர்கள் சந்தோஷமாகவே பார்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் ஒரு காட்சி எல்லோருக்கும் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. மதுக்கடையில் ஹான் சோலோவைக் கிரீடோ என்ற கூலிக்காரன் துப்பாக்கி முனையில் மடக்குகிறான். 1977-ல் ஹான் பேச்சுக் கொடுத்துக்கொண்டே மேஜைக்கடியில் தன் துப்பாக்கியை உருவிச் சுட்டுவிடுகிறான். சுட்டது அவன் ஒருவன்தான். 1997-ல் கிரீடோ முதலில் சுட்டு, ஒரு கஜ தூரத்தில் குறி தப்புகிறான்! கதாநாயகன் முதலில் சுடலாமா என்று லூகாஸுக்குத் தோன்றிவிட்டதாம். 2004-ல் இருவரும் கிட்டத்தட்டச் சேர்ந்தே சுட்டார்கள். 2019-ல் கிரீடோ சாவதற்கு முன் ஏதோ ஒரு புரியாத வார்த்தையையும் சொல்கிறான். ஒரு மனுஷனை எத்தனை தடவைதான் சாக அடிப்பது?

சிரிப்பாக இருந்தாலும் இதில் விஷயம் இருக்கிறது. தன் உயிருக்காக முதலில் சுடுகிற சுயநலக்காரன்தான், முடிவில் சிநேகிதனுக்காகத் தன் உயிரைப் பணயம் வைத்துத் திரும்பி வருகிறான். மார்ஸியா எட்டு வாரம் உழைத்தது அந்த ஆரவாரத்துக்காக அல்லவா? ஆரம்பத்திலேயே அவனை நல்லவனாக்கிவிட்டால், கடைசியில் அவன் திரும்பி வருவதில் என்ன அதிசயம் இருக்கிறது? 'ஹான்தான் முதலில் சுட்டான்' என்று பனியனில் அச்சடித்துக்கொண்டு ரசிகர்கள் திரிந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பனியனை லூகாஸே ஒரு தடவை போட்டுக்கொண்டு போட்டோவில் சிரித்தார்!

2004-ல் டிவிடி வந்தபோது இன்னும் மேலே போனார்கள். 'ஜெடாய்' படத்தின் முடிவில் ஆவி உருவில் புன்னகைத்து நின்ற செபாஸ்டியன் ஷா என்ற கிழ நடிகரை எடுத்துவிட்டு, புதிய படங்களில் நடித்த ஹேடன் கிறிஸ்டென்ஸன் என்ற இளைஞரை ஒட்டிவிட்டார்கள். ஷா 1994-லேயே காலமாகிவிட்டவர். ஆட்சேபிக்க ஆள் இல்லை. அந்தப் படத்தை டைரக்ட் செய்த மார்க்வாண்டும் 1987-லேயே போய்விட்டார்.

இப்போது நேயர்கள் இன்னொரு சங்கதியைக் கேட்க வேண்டும். 1988-ல், பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கம்ப்யூட்டரால் வர்ணம் பூசி விற்கிறார்களே என்று அமெரிக்கப் பார்லிமெண்டான காங்கிரஸின் முன் போய் வாதாடியவர்களில் ஒருவர் யார்? சாட்சாத் ஜார்ஜ் லூகாஸ்தான்! நாளைக்குப் பழைய நடிகர்களின் முகத்தை எடுத்துவிட்டுப் புது முகத்தை ஒட்டுவார்கள், அசல் நெகடிவ் காணாமற் போய் அதன் இடத்தில் மாற்றிய நெகடிவ் வந்து உட்கார்ந்துகொள்ளும், சமூகத்துக்கு அது பெரிய நஷ்டம் என்று எச்சரித்தார். எவ்வளவு சரியான ஜோசியம்! அந்த வருஷச் சட்டத்தின்படி பாதுகாக்க வேண்டிய தேசியச் சொத்தாக 1989-ல் முதன்முதல் 25 படங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் 'ஸ்டார் வார்ஸ்' ஒன்று.

லூகாஸ் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் பணமும் இல்லை, நேரமும் இல்லை, மனத்தில் நினைத்ததைச் செய்யக் கருவியும் இல்லை; 1977-ல் வந்தது பாதி முடிந்த படம்; இப்போதுதான் முடித்திருக்கிறேன் என்கிறார். எடுத்தவருக்குத் திருத்த உரிமை இல்லையா? உண்டு. பேஷாகத் திருத்தட்டும். ஆனால் பழையதை ஏன் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும்? சினிமா ஒருவர் மட்டும் எழுதும் கவிதை அல்லவே. கெர்ஷ்னரும் மார்க்வாண்டும் டைரக்ட் செய்தவை அதில் இருக்கின்றன. ஷா நடித்தது இருக்கிறது. மூன்று எடிட்டர்களுக்கு ஆஸ்கார் கொடுத்தார்களே, எந்தப் படத்தைப் பார்த்துக் கொடுத்தார்கள்? அந்தப் படத்தைக் காட்டு என்று கேட்டால் கடையில் கிடைக்காது. 2006-ல் ஒரு முறை டிவிடியோடு இலவச இணைப்பு மாதிரிக் கொடுத்தார்கள். அதுவும் பழைய லேஸர் டிஸ்க்குக்குத் தயாரித்ததை அப்படியே எடுத்துப் போட்டது. பெரிய திரையில் பார்த்தால் மங்கலாக இருந்தது.

ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? இவர்கள் சாமானியப்பட்டவர்கள் அல்ல. சாம்ராஜ்யச் சிப்பாய்களின் வெள்ளைக் கவசத்தைத் தங்கள் கையாலேயே செய்து அணிந்துகொண்டு, குழந்தைகள் ஆஸ்பத்திரிகளுக்குப் போய் நோயாளிக் குழந்தைகளைச் சிரிக்க வைக்கிறார்களே, 1997-ல் தொடங்கிய '501-வது லீஜன்' என்ற சங்கத்தார், அந்த ஜாதி! அவர்களில் சிலர் பழைய பிரதிகளைத் தேடிப் புறப்பட்டார்கள்.

தியேட்டரில் ஓடி முடிந்த பிரதியைக் கம்பெனிக்குத் திருப்பிவிட வேண்டும். ஆனாலும் சில பிரதிகள் எப்படியோ சேகரிப்பவர்கள் கைக்குப் போய்விடும். அப்படிக் கிடைத்த 35 மில்லிமீட்டர் சுருள்களை ஒவ்வொரு கட்டமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். இரண்டு மணி நேரப் படம் என்றால், விநாடிக்கு 24 வீதம் 1,70,000 கட்டங்களுக்கு மேல்! தூசு, கீறல், வெட்டு எல்லாவற்றையும் நீக்கினார்கள். சம்பளம் கிடையாது, ராத்திரியில் வீட்டு வேலை முடிந்த பிறகு செய்தது. நிறம்தான் பெரிய தலைவலி. அந்தக் காலத்து அமெரிக்கப் பிரதிகள் பெரும்பாலும் நாளாக ஆகச் சிவந்துபோகும். நம் வீட்டு ஆல்பத்தில் எழுபதுகளின் கல்யாணக் கலர்ப் படங்கள் செக்கச் செவேலென்று ஆகிவிட்டனவே, அதே வியாதி. '4கே77' என்று பேரிட்டு 2018-ல் இவர்கள் வெளியிட்ட பிரதி சட்டப்படி சரியா என்றால், சரி என்று சொல்ல முடியாது. படத்தின் சொந்தக்காரர் அனுமதிக்கவில்லை. ஆனால் சொந்தக்காரர் செய்யாத வேலையை இவர்கள் செய்தார்கள் என்பதும் பொய்யல்ல.

இன்னொரு சிக்கலும் உண்டு. '1977 படம்' என்றால் அதுவும் ஒன்றல்ல! ஒற்றைச் சப்தத்தடம், ஸ்டீரியோ, 70 மில்லிமீட்டர் என்று மூன்று விதமாக ஒலி சேர்த்தார்கள். ஒற்றைத் தடத்தில் லூக்கின் அத்தையின் குரலே வேறு. சில வசனங்களும் கூடுதல். எந்தத் தியேட்டரில் பார்த்தோம் என்பதைப் பொறுத்து நினைவும் மாறும். இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டால் இரண்டு பேரும் சரியாக இருக்கலாம்!

2012-ல் லூகாஸ் தம் கம்பெனியை டிஸ்னிக்கு 405 கோடி டாலருக்கு விற்றுவிட்டார். அப்போதும் பழைய பிரதி வெளியே வரவில்லை. பிறகு 2025 ஜூன் 12-ந் தேதி லண்டனில், பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் நடத்திய விழாவின் முதல் நாளில், 1977-ல் அச்சான பிரதி ஒன்றையே புரொஜெக்டரில் ஓட்டிக் காட்டினார்கள். சாயத்தை ஒன்றின்மேல் ஒன்றாக அச்சிடும் பழைய டெக்னிகலர் முறையில் தயாரான பிரதி அது; இங்கிலாந்தில் அந்த முறை அப்போதும் இருந்தது. அந்தச் சாயம் சிவந்து போவதில்லை. உறைநிலைக்கும் கீழான குளிரில் பல வருஷங்கள் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்ததாம். ஹான் சோலோ முதலில் சுட்டான். கூட்டம் ஆரவாரித்தது.

படத்துக்கு ஐம்பது வயதாவதையொட்டி 2027-ல், 1977-ல் வெளியான அதே உருவத்தைப் புதுப்பித்துத் தியேட்டர்களில் கொஞ்ச காலம் திரையிடப் போவதாக லூகாஸ் ஃபிலிம் கம்பெனி அறிவித்திருக்கிறது. வீட்டில் பார்க்க அதையே எப்போது தருவார்கள், எந்தச் சப்தத்தடத்தோடு தருவார்கள் என்று ரசிகர்கள் இப்போதே வாக்குவாதத்தில் இறங்கிவிட்டார்கள். எங்கேனும் பார்க்க வாய்த்தால், நேயர்களே, படம் முடிந்தவுடன் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். எழுத்துகள் ஓடும்போது எடிட்டர்கள் என்று மூன்று பெயர்கள் வரும். அதில் ஒன்று மார்ஸியா லூகாஸ்.